வாசல் கேமரா கேட்ட கேள்வி

பிரம்மநாயகம் அண்ணாச்சி வீட்டுக்குப் புது கேமரா வந்ததற்குக் காரணம் ஒரு தண்ணீர் மோட்டார். அது திருட்டுப் போனது பெரிய விஷயமில்லை. தாராவியில் எங்கள் சந்தில் வருஷத்துக்கு இரண்டு மோட்டாராவது காணாமல் போகும். ஆனால் இந்தத் திருடன் அண்ணாச்சியின் நான்கு கேமராக்களில் இரண்டுக்கு நேராக நின்று, நிதானமாக போல்ட்டைக் கழற்றி மோட்டாரைத் தூக்கிக்கொண்டு போயிருந்தான். அப்படியும் ஆள் யாரென்று தெரியவில்லை.

எட்டு வருஷத்துப் பழைய கேமராக்கள். மழைத்தண்ணீர் இறங்கி வயர் முனையெல்லாம் பச்சை பூத்துவிட்டது. டி.வி.யில் நாலு கட்டமாக வரும் படத்தில் யாரைப் பார்த்தாலும் ஆவி பிடித்துக்கொண்டு நிற்பது போலத்தான் இருக்கும். ஸ்டேஷனில் ஹவல்தார் மூன்று தடவை ஓட்டிப் பார்த்துவிட்டு, “சேட், யே ஆத்மி ஹை கி பாதல்?” என்று கேட்டாராம். ஆளா, மேகமா? மோட்டார் போனதைவிட அந்தக் கேள்விதான் அண்ணாச்சிக்கு உறுத்திவிட்டது.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். என் வீடு நேர் எதிரே, முதல் மாடி. சந்தின் அகலம் ஐந்தடி. அவர்கள் வீட்டில் மிளகாய் தாளித்தால் நான் தும்முவேன். நான் புறம் பேசுகிறவள் இல்லை. பார்த்ததை மட்டும்தான் சொல்வேன். நடுவில் பார்க்காத இடம் ஏதாவது வந்தால், அதை மட்டும் நானே நிரப்பிக்கொள்வேன்.

கேமரா மாட்ட அம்பர்நாத்திலிருந்து சுடலைக்கண்ணன் வந்தான். ஊர்க்காரப் பையன், முப்பது வயதாகியும் கல்யாணம் ஆகாதவன்.

“அண்ணாச்சி, பழசு அனலாக். கேமராவுக்கு ரெண்டு வயரு. படத்துக்கு ஒண்ணு, கரண்டுக்கு ஒண்ணு. இது ஐ.பி. கேமரா. ஒத்த வயருல ரெண்டும் வந்துரும். நெட்வொர்க்குல நிக்கும். ஒவ்வொண்ணுக்கும் தனித்தனி அட்ரஸ் உண்டு.”

“கேமராவுக்கு அட்ரஸா?” என்று நான் ஜன்னலிலிருந்து கேட்டேன்.

“ஆமாக்கா.”

எங்கள் சந்தில் மனிதர்களுக்கே ஒழுங்கான அட்ரஸ் கிடையாது. பேங்கிலிருந்து வரும் கடிதத்தில் ‘பிள்ளையார் கோயில் பின்புறம், நீலக் கதவு’ என்றுதான் இருக்கும். சுவரில் தொங்குகிற நாலு கண்ணுக்கு ஆளுக்கொரு அட்ரஸ் என்றால் பொறாமையாக இருக்காதா?

“பழைய வயரை வச்சே ஒப்பேத்தலாம் அண்ணாச்சி, நடுவுல ஒரு டப்பா போட்டா போதும்” என்றான் சுடலைக்கண்ணன்.

“ஒப்பேத்தினதுக்குத்தாம்ல மேகம்னு சொல்லிட்டான். எல்லாத்தையும் புடுங்கு.”

பிடுங்கிப் போட்ட கறுப்பு வயரைச் சந்துப் பெண்கள் ஆளுக்குப் பத்தடியாகப் பிரித்துத் துணிக்கொடி கட்டிக்கொண்டோம். என் பங்கு பன்னிரண்டடி. நான் கத்தரிக்கோலைக் கொடுத்தேன் இல்லையா, அதற்காக.

எல்லாம் மாட்டி முடித்ததும் படம் கண்ணாடி போலத் தெரிந்தது. எதிர்ச் சுவரில் ஊர்கிற பல்லியின் விரலை எண்ணலாம். அத்தோடு விட்டிருந்தால் தேவலை. சுடலைக்கண்ணன் கிளம்புகிற நேரத்தில் சொன்னான்: “வாசல் கேமராவுல மைக்கும் ஸ்பீக்கரும் உண்டு அண்ணாச்சி. நீங்க தாதர் கடையில இருந்துக்கிட்டே வாசல்ல நிக்கவங்ககிட்டப் பேசலாம்.”

தாதரில் அண்ணாச்சிக்குப் பாத்திரக் கடை. மறுநாள் காலையிலிருந்து அங்கே வியாபாரம் நடக்கவில்லை. வாசலில் யார் அசைந்தாலும் போனில் ‘டிங்’ என்று அடிக்கும். பூனை போனால் டிங். கொடியில் என் சேலை ஆடினால் டிங். அவர் குக்கரைக் கையில் வைத்துக்கொண்டு போனைப் பார்ப்பார். ஐந்து லிட்டர் கேட்டவருக்கு மூன்று லிட்டர் மூடியைக் கொடுத்து அனுப்புவார். உட்காரவும் முடியாது, நிற்கவும் முடியாது.

இங்கே வாசலில் கேமரா பேச ஆரம்பித்தது. “செருப்ப நேரா விடு.” “யாருல அது, செவத்துல சாயாத.” பார்சல் கொண்டுவந்த பையன் குரல் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் மேலே பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போனான். ஒரு நாள் நான் காய்கறிக்காரியிடம் வெண்டைக்காயை ஒடித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், “ஏ ஆறுமுகத்தாயி, வாங்காமலே எத்தனய ஒடிப்ப?” என்று ஒரு சத்தம். சொந்தமாகக் கடை வைத்திருப்பவருக்கு வரும் வேதனை.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டோம். பொறுக்க முடியாதது வேறு ஒன்று.

எங்கள் ஊர்ப் பக்கத்துக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் பையை எடுத்துக்கொண்டு வாசல் தாண்டுகிறபோது ‘எங்க போற?’ என்று கேட்கக் கூடாது. கேட்டால் போகிற காரியம் விளங்காது. தெரிந்தே ஆகவேண்டுமென்றால் ‘தூரமா?’ என்று கேட்கலாம், அதற்கு மேல் கூடாது. யாராவது வாய் தவறிக் கேட்டுவிட்டால் திரும்பி உள்ளே வந்து, உட்கார்ந்து, ஒரு தம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி கிளம்பவேண்டும். இதில் அண்ணாச்சியைப் போலக் கறாரான ஆளே கிடையாது. போன வருஷம் சரக்கெடுக்கக் கிளம்பினவரைக் கடைக் கணக்கர் “எங்க அண்ணாச்சி?” என்று கேட்டதற்கு டிக்கெட்டையே கேன்சல் செய்தவர் அவர்.

அப்படிப்பட்டவர் இப்போது ஒவ்வொரு டிங்குக்கும் கேட்கிறார். அதுவும் யாரிடம்? பெண்டாட்டி பிரபாவதியிடம்.

“ஏட்டி பிரபா, எங்க போற?”

பிரபாவதி எங்கே போகிறாள் என்பது அந்தச் சந்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். அவள் சொல்லவில்லை. செவ்வாயும் வெள்ளியும் மத்தியானம் மூன்று மணிக்கு ஒரு துணிப்பையோடு கிளம்புவாள். பைக்குள் உருண்டையாக ஒன்று இருக்கும். தேங்காய், கோயிலுக்குப் போகிறாள் என்று மூன்று வாரம் நம்பினேன். பிறகுதான் தோன்றியது, அவ்வளவு பெரிய தேங்காய் நாகர்கோவிலில்கூடக் காய்க்காதே என்று. ஒரு நாள் தற்செயலாக அவள் ஏறின பஸ்ஸிலேயே நானும் ஏறினேன். தற்செயல்தான். வடாலா பக்கம் ஒரு காலி மைதானம். கோகிலவாணி என்ற டீச்சரம்மா பெண்களுக்கு ஸ்கூட்டர் கற்றுக்கொடுக்கிறாள். அங்கே என் பிரபாவதி, ஐம்பத்திரண்டு வயதில், தலையில் ஹெல்மெட்டோடு சுண்ணாம்புக் கோட்டில் எட்டுப் போட்டுக்கொண்டிருந்தாள்.

என்னைப் பார்த்ததும் வண்டியைச் சாய்த்துவிட்டாள்.

“மைனி, அவருகிட்டச் சொல்லிராதிய.”

“நான் யாருகிட்டச் சொல்லப் போறேன்?” என்றேன். உண்மையிலேயே சொல்லவில்லை. எனக்கே ஆச்சரியம்தான்.

விஷயம் இதுதான். மகள் பானுமதி செம்பூரில் இருக்கிறாள். இரண்டாவது பிரசவம் என்பதால் தாய்வீட்டுக்கு வரவில்லை. எட்டாம் மாதம், எழுந்து நடக்கக் கூடாதென்று டாக்டர் சொல்லிவிட்டார். மாமியார் வேலைக்குப் போகிறவள். பகலெல்லாம் மூன்று வயசுப் பிள்ளையோடு பானுமதி தனியே கிடக்கிறாள். பிரபாவதி தினமும் மதியம் போய் வரலாம் என்றால் அண்ணாச்சி, “தனியா பஸ்ஸுல இடிபட்டுப் போவண்டாம், ஞாயித்துக்கெழம நான் கூட்டிட்டுப் போறேன்” என்பார். ஞாயிற்றுக்கிழமை அவருக்குத் தலைவலி வரும். பானுமதி கல்யாணத்துக்கு முன் அப்பாவிடம் அடம்பிடித்து வாங்கி ஓட்டின ஸ்கூட்டர் நீலத் தார்ப்பாய்க்கு அடியில் சந்திலேயே நிற்கிறது. வண்டி கற்றுக்கொள்கிறேன் என்று கேட்டால் விடமாட்டார். இருபது வருஷத்துக்கு முன் அவரே மூன்று தடவை லைசென்ஸ் டெஸ்டுக்குப் போய், மூன்று தடவையும் எட்டில் காலை ஊன்றித் தோற்று வந்தவர். அன்றிலிருந்து இரண்டு சக்கரம் நம் குடும்பத்துக்கு ஆகாது என்று தீர்மானம்.

அவளுடைய முதல் டெஸ்ட் ஒரு வியாழக்கிழமை, பதினோரு மணிக்கு. பிரபாவதி ஒன்பதரைக்கே வாசலுக்கு வந்தாள்.

“எங்க போற?” என்றது கேமரா.

“கோயிலுக்கு” என்றாள். ஆனால் கேள்வி விழுந்துவிட்டதே. உள்ளே போனாள், உட்கார்ந்தாள், தண்ணீர் குடித்தாள், வெளியே வந்தாள்.

“இப்பத்தானே உள்ள போன? மறுபடி எங்க?”

மறுபடி உள்ளே. மறுபடி ஒரு தம்ளர்.

“என்ன உள்ளயும் வெளியயுமா நடக்க? யாரு வந்திருக்கா? எங்க கெளம்பிட்ட?”

நான்காவது தம்ளருக்குப் பிறகு அவள் வேறு காரணத்துக்காக உள்ளே போகவேண்டியதாயிற்று. கடைசியில் கடையில் யாரோ பத்துக் குடம் வாங்க வந்திருக்கவேண்டும், கேமரா அடங்கியது. அவள் ஓடினாள். போய்ச் சேர்ந்தபோது அவள் பெயரைக் கூப்பிட்டு முடித்திருந்தார்கள். அடுத்த தேதி இருபத்தாறு. எல்.எல்.ஆர். முடிவது முப்பது. இருபத்தாறு தவறினால் எல்லாம் முதலிலிருந்து. அதற்குள் பானுமதிக்குப் பிள்ளை பிறந்து பேர் வைத்துவிடுவார்கள்.

அன்று சாயங்காலம் அவர்கள் வீட்டில் பேச்சு நடந்தது. என் ஜன்னல் திறந்திருந்தது, மூட மறந்துவிட்டேன்.

“வாசல் தாண்டுத நேரத்துல எங்க போறன்னு கேக்கிய. நல்லாவா இருக்கு?”

“நான் எங்க கேட்டேன்? நான் தாதர்ல இருக்கேன். கேட்டது கேமரா.”

“கொரலு உங்களுதுல்லா?”

“கொரலு என்னுது. ஆனா அது இன்டர்நெட்டு வழியா வருது. அதுக்குச் சகுனம் கெடையாது.”

இந்த வழக்கில் சந்தே இரண்டாகப் பிரிந்தது. நேரில் நின்று கேட்டால்தான் தோஷம் என்று ஒரு கட்சி. போனில் வாழ்த்தினால் பலிக்கிறதென்றால் போனில் கேட்ட கேள்வியும் பலிக்கும் என்று நானும் மீன்காரம்மாவும். பிள்ளையார் கோயில் பூசாரியிடம் கேட்டோம். அவர் நன்றாக யோசித்துவிட்டு, “எதுக்கும் ஸ்பீக்கர் சத்தத்தக் கொறச்சு வைங்க” என்றார்.

டிங் தாங்காமல் அண்ணாச்சியே சுடலைக்கண்ணனை வரச்சொன்னார், பூனைக்கும் சேலைக்கும் அடிக்காதபடி மாற்றுவதற்கு. அவன் வந்தபோது அண்ணாச்சி கடையில். பிரபாவதி காபி கொடுத்தாள், நான் கேள்வி கேட்டேன்.

“இந்த வாசல் கேமராவ ஒரு காலைக்கு மட்டும் நிறுத்த முடியாதா?”

“வயரப் புடுங்கினா அண்ணாச்சி போன்ல ‘ஆஃப்லைன்’னு உடனே அடிக்கும்க்கா. துணியப் போட்டு மூடினா அதுக்கும் ஒரு அலர்ட்டு உண்டு. பழசு மாதிரி இல்ல. பழசுல மூணாம் நம்பர் ஒரு வருசமாச் செத்துக் கெடந்துச்சு, யாருக்காவது தெரிஞ்சுதா?”

பிரபாவதி தலையைக் குனிந்துகொண்டாள். அவன் காபியைக் குடித்து முடித்துவிட்டு மெதுவாகச் சொன்னான். “ஆனா ஒண்ணு. பேசுத பட்டன ஒரு நேரத்துல ஒரு ஆளுதான் அமுக்க முடியும். இன்னொரு போன்ல யாராவது அமுக்கிட்டிருந்தா, அண்ணாச்சிக்கு ‘பிஸி’ன்னு காட்டும்.”

“அப்ப அந்த ஆப்ப என் போன்ல போட்டுக் குடு” என்றேன்.

“அய்யோ, அண்ணாச்சிக்குத் தெரிஞ்சா தொலஞ்சேன்.”

“தம்பி, உனக்கு முலுண்டுல ஒரு எடம் பாத்திருக்காவல்லா? பொண்ணுக்க அத்த எனக்கு நல்ல பழக்கம். உன்னப் பத்திக் கேட்டா. நான் இன்னும் ஒண்ணும் சொல்லல.”

அவன் போனை வாங்கிக்கொண்டான். “டெஸ்டிங்குக்குன்னு ஒரு யூசர் போடுதேன். டெஸ்டு முடிஞ்சதும் எடுத்துருவேன். நீங்க ஒண்ணும் பேசவே வேண்டாம்க்கா. பட்டன அமுக்கிட்டுச் சும்மா இருந்தாப் போதும். வாயத் தொறந்தா ஸ்பீக்கர்ல சந்து முழுக்கக் கேக்கும், அண்ணாச்சிக்கும் கேக்கும்.”

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தான். பிரபாவதியும் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் நம்பிக்கை என்று சொல்லும்படி எதுவும் இல்லை.

இருபத்தாறாம் தேதி காலை ஒன்பது மணிக்கு நான் ஜன்னலில் உட்கார்ந்துவிட்டேன். கட்டைவிரல் பட்டன்மேல். இரண்டு நிமிஷத்தில் விரல் வியர்த்தது. மூக்கு அரித்தது. கீழே மீன்காரம்மா, “என்ன தாயி, சூரமீன் வேணாமா?” என்று கேட்கிறாள்; விலை கேட்காமல் நான் கையை ஆட்டி அனுப்புகிறேன். என் வாழ்க்கையில் சூரமீனுக்கு விலை கேட்காமல் விட்டது அன்று ஒரு நாள்தான்.

பிரபாவதி வெளியே வந்தாள். இன்று பை இல்லை. ஹெல்மெட்டைக் கையிலேயே பிடித்திருந்தாள். படியில் நின்று கேமராவை நிமிர்ந்து பார்த்தாள், அடி விழப்போகிற பிள்ளை பார்க்கிற மாதிரி. கேமரா ‘ஸ்ஸ்’ என்று இரைந்ததே தவிர ஒன்றும் கேட்கவில்லை. தாதரில் அண்ணாச்சி பட்டனை அமுக்கி அமுக்கிப் பார்த்திருப்பார்; பிஸி, பிஸி. அவள் செருப்பை மாட்டினாள். இறங்கினாள். நடந்தாள்.

நான் மூச்சு விடலாம் என்று போனைப் பார்த்தேன். படம் அவ்வளவு துல்லியம். செருப்பு ஸ்டாண்டின் மேல் ஒரு பச்சை ஃபைல். அதன்மேல் ஒட்டின காகிதத்தில் ‘பிரபாவதி பி.’ என்று எழுதியிருப்பதைக்கூடப் படிக்க முடிந்தது. எல்.எல்.ஆர்., ஆதார், எல்லாம் அதற்குள்தான். செருப்பு மாட்டக் குனிந்தபோது வைத்தவள் எடுக்காமல் போகிறாள்.

கூப்பிட்டால் அண்ணாச்சிக்குக் கேட்கும். அதைவிட மோசம், காரியமாகப் போகிறவளைப் பின்னாலிருந்து கூப்பிடக் கூடாது. அது ‘எங்க போற’ என்பதற்கு அண்ணன். கூப்பிடாவிட்டால் அங்கே போய்க் கையை விரித்துக்கொண்டு நிற்பாள். அவள் முக்குக்கு இன்னும் பத்தடிதான் இருந்தது.

“ஏட்டி பிரபா! ஃபைலு! ஃபைல விட்டுட்டுப் போறியே!”

என் குரல் என் வாயிலிருந்து ஒரு தடவையும், எதிர்வீட்டுக் கேமராவிலிருந்து இன்னொரு தடவையும் வந்தது. எனக்கே தூக்கிப்போட்டது. பயத்தில் விரலை எடுத்துவிட்டேன்.

எடுத்ததுதான் தாமதம். “யாரு அது என் கேமராவுல பேசுதது? ஆறுமுகத்தாயியா? என்ன ஃபைலு? ஏ பிரபா, கையில என்ன ஹெல்மெட்டு? எங்க போற?”

சந்தே நின்றுவிட்டது. பிரபாவதி திரும்பி வந்து படியேறி ஃபைலை எடுத்தாள். வீட்டுக் கதவைப் பார்த்தாள். உள்ளே தண்ணீர்ப் பானை இருக்கிறது, உட்காரப் பலகை இருக்கிறது. மணி ஒன்பது பத்து. உள்ளே போய்விட்டால் அந்த மனுஷன் விடமாட்டார் என்று எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும்.

“எங்க போறன்னு கேக்கேம்லா?”

அவள் கேமராவுக்கு நேராக முகத்தைத் தூக்கினாள். “போயிட்டு வந்து சொல்லுதேன்” என்றாள். உள்ளே போகவில்லை. இறங்கி நடந்துவிட்டாள். முக்கு திரும்பும்வரை கேமரா கத்திக்கொண்டே இருந்தது.

அரை மணி நேரத்தில் அண்ணாச்சி டாக்ஸியில் வந்து இறங்கினார். கையில் ஒரு கரண்டி. கடையிலிருந்து அப்படியே வந்திருக்கிறார்.

“தாயி, எங்க போயிருக்கா?”

“எனக்கென்ன தெரியும் அண்ணாச்சி?”

“உனக்குத் தெரியாம இந்தச் சந்துல எலி குட்டி போடாது. சொல்லு.”

“வந்து சொல்லுதேன்னாளே. வருவா.”

அவர் உள்ளே போய் டி.வி.யில் அந்தக் காட்சியை ஓட்டினார். நிறுத்தினார். மறுபடி ஓட்டினார். எதிர் ஜன்னலிலிருந்து எனக்கும் நன்றாகத் தெரிந்தது. பெரிதாக்கிப் பெரிதாக்கி, கடைசியில் திரை முழுக்கப் பிரபாவதியின் முகம் மட்டும் நின்றது. பயமும் பிடிவாதமும் கலந்த ஒரு முகம். முப்பது வருஷமாக அவள் அந்த வீட்டில் நடமாடினாலும் அந்த முகத்தை அப்படி அவர் பார்த்திருக்கமாட்டார். வாசலுக்கு வருவார், முக்கு வரை நடப்பார், திரும்புவார், மறுபடி டி.வி. முன்னால் நிற்பார். மத்தியானச் சாப்பாடு இல்லை. ஞாயிற்றுக்கிழமை வராத நடையெல்லாம் அன்று நடந்தார்.

இரண்டு மணிக்கு அவள் வந்தாள். முகம் கறுத்துப்போய், ஹெல்மெட் அழுத்தின கோடு நெற்றியில். அவர் படியிலேயே நின்றார்.

“எதிர்வீட்டுக்காரிக்குத் தெரியும், எனக்குத் தெரியாதா?”

“மைனி எங்க போறன்னு கேக்கல. கண்டுபிடிச்சாவ. கண்டுபிடிச்ச பொறவு, எட்டு வந்துருச்சான்னு கேட்டாவ.”

எட்டு என்றதும் அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கரண்டியை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார். அடிக்கப்போகிறாரோ என்று எனக்கு ஒரு நிமிஷம் பயம்; அவருக்குக் கரண்டி கையில் இருப்பதே தெரியவில்லை.

“கால ஊனினியா?” என்றார் கடைசியில்.

“ஊனல.”

“ஒரு தடவகூடவா?”

“ஒரு தடவகூட.”

அவர் திரும்பினார். உள்ளே போய்க் கட்டிலில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்து, “சனிக்கெழம கடையில கூட்டம் இருக்கும், நான் செம்பூருக்கு வர முடியாது” என்று ஒரு குரல்.

“உங்கள யாரு கூப்பிட்டா?” என்றாள் பிரபாவதி அடுப்படியிலிருந்து.

சனிக்கிழமை மதியம் தார்ப்பாய் அவிழ்ந்தது. சந்துப் பெண்கள் எல்லாரும் வேறு வேலை இருப்பது போல வாசலில் நின்றோம். பிரபாவதி தூக்குவாளியை வண்டியில் மாட்டினாள். ஹெல்மெட் வார் இழுத்தாள். ஸ்டார்ட் செய்யப்போகிற நேரத்தில் கேமராவில் ‘டக்’ என்று ஒரு சத்தம். பட்டனை அமுக்கிவிட்டார்.

எல்லாரும் மேலே பார்த்தோம். கேமராவிலிருந்து தாதர் கடை வந்தது. எவர்சில்வர் உருளுகிற சத்தம். யாரோ ஒரு அம்மா, “பையா, யே படா வாலா கித்னே கா?” என்கிறாள், பெரியது என்ன விலையென்று. நடுவில் அண்ணாச்சி மூச்சு விடுகிறார். அவர் வாயில் அந்தக் கேள்வி வந்து நிற்பது எங்களுக்கே தெரிந்தது. பிரபாவதி காத்திருந்தாள். அவர் கேட்கவில்லை. பெரிய குக்கரின் விலையைக்கூட அந்த அம்மாவுக்குச் சொல்லவில்லை.

அவள் வண்டியைக் கிளப்பினாள். கொஞ்சம் ஆடி, நேராகி, முக்கில் திரும்பி மறைந்தாள்.

“ஏ ஆறுமுகத்தாயி” என்றது கேமரா, சின்னக் குரலில். “இதுல முக்கு வரைக்குந்தான் தெரியுது. உன் மாடியில இருந்து பாரு, ரோட்டுல ஏறிட்டாளா?”

நான் இரண்டிரண்டு படியாக மாடிக்கு ஓடினேன். நைன்ட்டி ஃபீட் ரோடு சிக்னலில் ஒரு டெம்போவுக்கும் சிட்டி பஸ்ஸுக்கும் நடுவில் அவள் நின்றிருந்தாள்.

“சிக்னல்ல நிக்கா அண்ணாச்சி!” என்று கத்தினேன்.

“கால ஊனிருக்காளா?”

“சிக்னல்ல ஊனாம பறக்கவா செய்வா?”

“சரி, சரி. பச்ச விழுந்துருச்சான்னு பாத்துச் சொல்லு.”